ஒற்றை விற்பனைத் தளமும் நூலாசிரியரின் சார்புநிலையும்: அமேசான் கிண்டிலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

நூலாசிரியர் ஒருவர் தம் படைப்புகளை ஒரே இணைய விற்பனை நிறுவனத்தின் வழியாக மட்டும் வாசகரிடம் கொண்டுசெல்லும்போது எதிர்கொள்ளும் இடர்களை இக்கட்டுரை விளக்குகிறது. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் நேரடிப் பதிப்புத் திட்டம் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. உரிமைத்தொகை விகிதம், தனித்தளக் கட்டுப்பாடு, பக்கக் கணக்கில் வழங்கப்படும் ஊதியம், விற்பனை முடக்கம், பதிப்பக மூடல், நூற்பேணல் ஆகிய கூறுகள் தனித்தனியே ஆராயப்படுகின்றன. ஆசிரியரின் வருவாய்க்கு நேரும் இடர் நாளடைவில் இலக்கிய வரலாற்றுச் சான்றுகளுக்கும் நேரும் இடராக மாறுகிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மின்னூல், வாங்குவோர் முற்றுரிமை, உரிமைத்தொகை, தனித்தளக் கட்டுப்பாடு, கிண்டில், பதிப்புரிமை, நூற்பேணல்.

முன்னுரை

அச்சுப் பண்பாட்டில் ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையே பதிப்பாளர், அச்சகத்தார், விற்பனையாளர், மதிப்புரையாளர், நூலகர் எனப் பலர் நின்றனர். ஒருவர் கைவிட்டாலும் மற்றொருவர் வழியாக நூல் வாசகரைச் சென்றடைய வாய்ப்பு இருந்தது. மின்னூல் இவ்விடைநிலையினர் பலரைத் தேவையற்றவர் ஆக்கியது. எனினும் அவர்கள் செய்துவந்த பணிகள் மறைந்துவிடவில்லை. பதிப்பித்தல், விலை குறித்தல், காட்சிப்படுத்தல், விற்றல், பரிந்துரைத்தல், சேமித்துவைத்தல் ஆகிய அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கைக்குச் சென்றன.

1994இல் நிறுவப்பட்டு 1995 சூலையில் இணையப் புத்தகக் கடையாகத் திறக்கப்பட்ட அமேசான், 2007 நவம்பரில் கிண்டில் என்னும் படிப்புக் கருவியை வெளியிட்டது. ஆசிரியர்கள் பதிப்பாளரின் துணையின்றித் தாமே மின்னூல் வெளியிடும் வசதியும் அப்போதே தொடங்கியது. கிண்டில் 2012இல் இந்தியாவிற்கு வந்தது. 2016 டிசம்பரில் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளின் நூல்கள் அத்தளத்தில் முறையாக இடம்பெற்றன. முதலீடு இன்றி நூல் வெளியிடவும், அயல்நாட்டுத் தமிழ் வாசகரை அஞ்சற்செலவு இன்றி அடையவும் தமிழ் எழுத்தாளர்க்கு இதனால் வழி பிறந்தது. இந்நன்மைகள் உண்மையானவை. அந்நன்மைகளே சார்புநிலைக்கும் அடிகோலுகின்றன என்பதால் இவ்விடர்களை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

1. வாங்குவோர் முற்றுரிமை

ஒரு பொருளை விற்பவர் ஒருவரே ஆயின் அந்நிலையைப் பொருளியலார் முற்றுரிமை என்பர். விற்பவர் பலராகவும் அவர்களிடம் வாங்குபவர் ஒருவராகவும் இருப்பின் அது வாங்குவோர் முற்றுரிமை. முதலாவதில் நுகர்வோர் கூடுதல் விலை தரநேரும். இரண்டாவதில் உற்பத்தியாளர் குறைந்த விலைக்கு இணங்கநேரும். இணையப் புத்தக விற்பனையில் வாசகர்க்கு விலை குறைவாகக் கிடைப்பதால் முதல்வகைத் தீங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆசிரியர் பக்கம் நிகழும் இரண்டாம்வகைத் தீங்கு, வாசகர் கவனத்திற்கு வருவதே இல்லை.

தமிழ்ப் பதிப்புலகிற்கு இந்நிலை முற்றிலும் புதியதன்று. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்வழி உருவான நூலக அமைப்பு தமிழ் நூல்களைப் பெருமளவில் வாங்கும் ஒற்றை நிறுவனமாக நெடுங்காலம் இருந்துவருகிறது. நூலக ஆணையில் ஃபாரம் கணக்கில் விலை நிர்ணயிக்கப்பட்டதும், ஆணை தாமதமானபோது சிறு பதிப்பகங்களின் முதல் முடங்கியதும் பதிப்புத் துறையினர் நன்கறிந்தவை. இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நூலகத் துறை அரசின் அங்கமாதலால் அதன் முடிவுகளைச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வினவ இயலும். தனியார் தளத்தின் முடிவுகளுக்கு அத்தகைய பொதுப் பொறுப்பு பெரும்பாலும் இல்லை.

2. உரிமைத்தொகையும் தனித்தளக் கட்டுப்பாடும்

கிண்டில் நேரடிப் பதிப்பில் உரிமைத்தொகை 35 விழுக்காடு, 70 விழுக்காடு என இருவகைப்படும். உயர்ந்த விகிதம் பெற நூலின் விலை தளம் வகுத்த வரம்பிற்குள் அமைய வேண்டும். அமெரிக்காவில் அவ்வரம்பு 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை. அச்சு வடிவம் இருப்பின் மின்னூலின் விலை அதனினும் குறைந்தது 20 விழுக்காடு தாழ்வாக இருத்தல் வேண்டும். கோப்பின் அளவிற்கேற்ப ஒரு கட்டணமும் கழிக்கப்படும்.

இந்திய ஆசிரியர் கவனிக்க வேண்டிய நிபந்தனை மற்றொன்று. இந்தியா, பிரேசில், சப்பான், மெக்சிகோ ஆகிய நாட்டு வாசகர்க்கு விற்கும் படிகளில் 70 விழுக்காடு பெற வேண்டுமாயின் நூல் கிண்டில் செலக்ட் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். 2011 டிசம்பரில் அறிமுகமான இத்திட்டத்தின் காலம் 90 நாள். ஆசிரியர் தடுக்காவிடில் அது தானாகவே புதுப்பிக்கப்படும். அக்காலத்தில் அம்மின்னூலை வேறெங்கும் விற்கவோ இலவசமாக வழங்கவோ கூடாது. ஆசிரியரின் சொந்த இணையப்பக்கத்திற்கும் இத்தடை பொருந்தும். அச்சு நூலுக்கு மட்டும் தடையில்லை. தமிழிலும் நடத்தப்பட்ட பென் டு பப்ளிஷ் போட்டிக்கும் இத்திட்டத்தில் நூலைச் சேர்த்தல் நிபந்தனையாக இருந்தது.

இக்கட்டுப்பாட்டின் வலிமையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு மின்னூலின் விலை 100 ரூபாய் எனவும், அதனை வாங்கக்கூடிய வாசகர் மொத்தம் 900 பேர் எனவும், அவருள் 600 பேர் ஆதிக்கத் தளத்தையும் 300 பேர் ஏனைய தளங்களையும் பயன்படுத்துவோர் எனவும் கொள்வோம். ஏனைய தளங்களும் 70 விழுக்காடு தருவதாகக் கொள்ளலாம். ஆசிரியர் தனித்தளக் கட்டுப்பாட்டை ஏற்றால் 600 படிகளுக்கு 70 ரூபாய் வீதம் 42,000 ரூபாய் பெறுவார். ஏற்காவிடின் ஆதிக்கத் தளத்தில் 600 படிகளுக்கு 35 ரூபாய் வீதம் 21,000 ரூபாயும், ஏனைய தளங்களில் 300 படிகளுக்கு 70 ரூபாய் வீதம் 21,000 ரூபாயும் ஆக 42,000 ரூபாயே கிடைக்கும். ஆதிக்கத் தளத்தின் பங்கு மூன்றில் இரண்டு என்னும் எல்லையில் இரு வழிகளும் சமமாகின்றன. பங்கு அதனினும் சிறிது கூடினால் கட்டுப்பாட்டை ஏற்பதே ஆசிரியர்க்கு ஆதாயம். சந்தா வாசிப்பின் வருவாயையும் சேர்த்தால் அவ்வெல்லை மேலும் தாழும்.

இங்கு ஒரு சுழல் தோன்றுகிறது. ஆதாயம் கருதி ஆசிரியர் ஒவ்வொருவரும் தனித்தளக் கட்டுப்பாட்டை ஏற்கின்றனர். அதனால் ஏனைய தளங்களில் நூல்கள் குறைகின்றன. நூல்கள் குறைந்த தளங்களை வாசகர் நாடுவதில்லை. ஆதிக்கத் தளத்தின் பங்கு மேலும் உயர்கிறது. தனித்தனியே நோக்குங்கால் அறிவுடைமையாகத் தோன்றும் முடிவுகள் ஒன்றுசேர்ந்து, அம்முடிவுகளை எடுத்தோரின் பேரம் பேசும் ஆற்றலையே குறைத்துவிடுகின்றன.

3. பக்கக் கணக்கு: விதி மாறினால் வடிவம் மாறும்

மாதச் சந்தா செலுத்தி நூல்களைப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டம் 2014 சூலையில் அமெரிக்காவிலும் 2015இல் இந்தியாவிலும் தொடங்கியது. தொடக்கத்தில் வாசகர் நூலின் 10 விழுக்காட்டைக் கடந்தால் ஆசிரியர்க்கு ஒரு தொகை கிடைத்தது. நூலின் நீளம் கணக்கில் கொள்ளப்படவில்லை. எனவே நீண்ட படைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வெளியிடுதல் ஆதாயம் தந்தது. 2015 சூலை முதல் நாள் இவ்விதி மாற்றப்பட்டு, வாசகர் படித்த பக்கங்களின் எண்ணிக்கைக்கேற்பத் தொகை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நீளமான நூல்களும் தொடர்வரிசைகளும் ஆதாயமாயின.

இம்மாற்றத்தில் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பக்கத்திற்கான தொகை முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு மாதமும் நிறுவனம் ஒதுக்கும் பொது நிதியைப் பொறுத்து அது பின்னரே தெரியவரும். விளைவித்ததன் விலையை அறுவடைக்குப் பின்னரே அறியும் உழவரின் நிலையை இது ஒத்தது. இரண்டாவது, ஊதிய விதி இலக்கிய வடிவத்தைப் பாதிக்கிறது. கவிதைத் தொகுப்பும் சிறுகதைத் தொகுப்பும் பக்கக் கணக்கில் தொடர்கதையோடு போட்டியிட இயலா. இதழ்களின் தேவைக்கேற்பத் தமிழ்த் தொடர்கதை வடிவம் பெற்றதை ஆராய்ந்தோர்க்கு இவ்வுறவு புதிதன்று. இதழாசிரியரிடம் தொடர்கதையாளர் நேரில் பேசலாம். தளத்தின் விதியோ ஒரே நாளில் உலகெங்கும் மாறிவிடுகிறது.

4. விற்பனைப் பொத்தானின் அதிகாரம்

விற்பனைத் தளத்திற்கும் பதிப்பகத்திற்கும் இடையே பூசல் எழும்போது அதில் தொடர்பில்லாத ஆசிரியர் பாதிக்கப்படுவார் என்பதற்கு இரு நிகழ்வுகள் சான்றாகின்றன. 2010 சனவரி இறுதியில் மின்னூல் விலையை யார் நிர்ணயிப்பது என்பது பற்றி மேக்மில்லன் பதிப்பகத்தோடு எழுந்த முரண்பாட்டில், அப்பதிப்பகத்தின் நூல்களுக்கான வாங்கும் பொத்தானை அமேசான் நீக்கியது. நூல்களின் பக்கங்கள் இருந்தன. அமேசானிடமிருந்து அவற்றை நேரடியாக வாங்க மட்டும் இயலவில்லை. சில நாள்களில் நிறுவனம் விட்டுக்கொடுத்தது.

2014இல் ஹாஷெட் பதிப்பகத்தோடு ஏற்பட்ட பூசல் பல மாதங்கள் நீண்டது. முன்பதிவு வசதி நீக்கப்பட்டது, தள்ளுபடி குறைக்கப்பட்டது, நூல்களை அனுப்பச் சில வாரங்கள் ஆகும் என அறிவிக்கப்பட்டது. ராபர்ட் கால்பிரெய்த் என்னும் புனைபெயரில் ஜே.கே. ரௌலிங் எழுதிய 'தி சில்க்வொர்ம்' புதினமும் இதில் அகப்பட்டது. புகழ்பெற்றவர் இழப்பைத் தாங்கிக்கொள்வர். முதல் நூலை வெளியிடுபவரின் நிலை வேறு. முன்பதிவு எண்ணிக்கையைக் கொண்டே ஒரு புதிய நூலுக்கு எத்தனை படிகள் அச்சிடுவது, கடைகள் எத்தனை படிகள் வாங்குவது என்பன முடிவுசெய்யப்படுகின்றன. எடன் லெபுக்கியின் முதல் புதினமான 'கலிபோர்னியா' இவ்வாறு முன்பதிவை இழந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஸ்டீபன் கோல்பேர் அந்நூலை வேறு கடையில் வாங்குமாறு தம் நிகழ்ச்சியில் வேண்டியதால் அது விற்பனைப் பட்டியலில் முன்னிடம் பெற்றது. அத்தகைய ஆதரவு வாய்க்காத முதல் நூலாசிரியர்களுக்கு அந்தப் பருவம் மீளக் கிடைக்கவில்லை. 900க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் கையொப்பமிட்ட வேண்டுகோள் அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழில் விளம்பரமாக வெளிவந்தது. நவம்பரில் இரு நிறுவனங்களும் உடன்பாடு கண்டன.

நேரடியாகப் பதிப்பிக்கும் ஆசிரியரின் நிலை இதனினும் நலிந்தது. ஹாஷெட்டைப் போன்ற பெரும் பதிப்பகம் அவருக்காகப் பேச இல்லை. ஒருவருக்கு ஒரே கணக்குத்தான் அனுமதிக்கப்படுகிறது. ஒரு நூலின்மேல் எழும் குற்றச்சாட்டால் கணக்கு முடக்கப்பட்டால் அவருடைய எல்லா நூல்களும் ஒருங்கே விற்பனையிலிருந்து நீங்கும். ஒப்பந்த நிபந்தனைகளை மாற்றவும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவும் நிறுவனத்திற்கு உரிமை உண்டு. வாசகர் யார் என்பதும் ஆசிரியர்க்குத் தெரியாது. நூலை வாங்கியோரின் பெயரோ முகவரியோ அவருக்கு வழங்கப்படுவதில்லை. ஆகவே தளத்தை விட்டு வெளியேறும் ஆசிரியர் தம் வாசகரையும் விட்டே வெளியேறுகிறார்.

5. வெஸ்ட்லேண்ட்: தளமே பதிப்பாளராகும்போது

விற்பனைத் தளமே பதிப்பகத்தையும் உடைமையாக்கும்போது இடர் மேலும் செறிவடைகிறது. டாடா குழுமத்தைச் சேர்ந்த டிரெண்ட் நிறுவனத்திடமிருந்து வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை 2016இல் அமேசான் வாங்கியது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி' புதினத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2018இல் வெளியிட்டது இப்பதிப்பகத்தின் கான்டெக்ஸ்ட் பிரிவேயாகும். 2022 பிப்ரவரித் தொடக்கத்தில் பதிப்பகம் மூடப்படும் என்னும் அறிவிப்பு வெளியாயிற்று. நூல்கள் கிடைக்காமற்போகும் முன் வாங்கிக்கொள்ள வாசகர் விரைந்தனர். ஆசிரியர்கள் தம் நூல்களுக்கு வேறு பதிப்பகம் தேட நேர்ந்தது. சில மாதங்களில் பெங்களூருவின் பிரதிலிபி நிறுவனத்தின் துணையோடு அதே பதிப்புக் குழு மீண்டும் இயங்கத் தொடங்கியது.

நூல்கள் விற்கவில்லை என்பதோ தரம் குறைந்தது என்பதோ தனிநூல்களின் மறைவுக்குக் காரணமாக வேண்டியதில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. பல துறைகளில் வணிகம் செய்யும் பெருநிறுவனத்திற்குப் பதிப்பகம் ஒரு சிறு பிரிவு. அதனை மூடுவது அந்நிறுவனத்தின் கணக்கில் ஒரு வரி. ஆசிரியர்க்கோ அது பல்லாண்டு உழைப்பின் கதி.

6. நூற்பேணலும் ஆய்வுலகமும்

2009 சூலையில், உரிமையற்ற நிறுவனம் ஒன்று பதிவேற்றியிருந்த ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் படிகளை வாசகர்தம் கருவிகளிலிருந்தே அமேசான் தொலைவிலிருந்து அழித்தது. விலை திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் பின்னர் வருத்தமும் தெரிவித்தார். எனினும் விற்ற நூலை வாங்கியவரின் கையிலிருந்து நீக்கும் ஆற்றல் தளத்திற்கு உண்டு என்பது அன்று வெளிப்பட்டது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூல்களைக் கணினியில் இறக்கிக் கம்பிவழிக் கருவிக்கு மாற்றும் வசதியும் நிறுத்தப்பட்டது.

இது வாசகரின் சிக்கலாக மட்டும் தோன்றலாம். ஆய்வாளர்க்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. கிண்டில் மின்னூலுக்குப் பன்னாட்டுத் தரப்புத்தக எண் கட்டாயமில்லை. தளம் தானே வழங்கும் அடையாளக் குறியே போதுமானது. அக்குறி தளத்திற்கு வெளியே எந்நூலகப் பட்டியலிலும் பொருள்படாது. ஆசிரியர் கோப்பை எப்போது வேண்டுமாயினும் மாற்றிப் பதிவேற்றலாம். எனவே முதற்பதிப்பு, திருத்திய பதிப்பு என்னும் வேறுபாடு சுவடின்றி மறையக்கூடும். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களைச் சென்றடைய வேண்டும். அச்சு நூலை மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட அச்சட்டத்தின் பயன், ஒரு தளத்தில் மட்டும் வாழும் மின்னூலுக்குக் கிட்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ் நூல் ஒன்று ஏதோ ஒரு நூலகத்திலோ தனியார் சேகரிப்பிலோ கிடைக்கக்கூடும். இன்று தளத்தில் மட்டும் வெளிவரும் புதினம், ஆசிரியரின் கணக்கு மூடப்பட்டாலோ அவர் மறைந்தபின் உரியவர் இன்றிப் போனாலோ, நாளை ஓர் ஆய்வு மாணவர்க்குக் கிடைக்கும் என்னும் உறுதி இல்லை.

7. சட்டத்தின் துணையும் எல்லையும்

இந்தியப் போட்டிச் சட்டம் 2002இன் 4ஆம் பிரிவு ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆதிக்க நிலையில் இருத்தல் மட்டும் குற்றமாகாது. ஐரோப்பிய ஆணையம் 2015இல் அமேசானின் மின்னூல் ஒப்பந்தங்களை ஆராயத் தொடங்கியது. போட்டித் தளங்களுக்கு வழங்கும் சலுகைகளைத் தனக்கும் வழங்க வேண்டும் எனப் பதிப்பகங்களைக் கட்டாயப்படுத்தும் விதிகளை நடைமுறைப்படுத்துவதில்லை என்னும் நிறுவனத்தின் உறுதிமொழியை 2017 மே மாதம் அது ஏற்றது. அமெரிக்காவில் இதற்கு மறுபக்கமும் உண்டு. அமேசானின் விலைக்கொள்கையை எதிர்கொள்ள ஆப்பிளும் ஐந்து பதிப்பகங்களும் கூடிச் செயல்பட்டதாக 2012இல் அந்நாட்டு நீதித்துறை வழக்குத் தொடுத்தது. ஆதிக்கத்தை எதிர்ப்போர் கூடி விலை பேசுவதும் சட்டத்தின் பிடிக்குள் வரக்கூடும் என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவு ஆசிரியர்க்குச் சில காப்புகளை வழங்குகிறது. உரிமை மாற்றத்தின் காலம் எழுதப்படாவிடின் அது ஐந்தாண்டு எனவும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் அது இந்தியா எனவும் கொள்ளப்படும். உரிமை பெற்றவர் ஓராண்டிற்குள் அதனைப் பயன்படுத்தாவிடின், ஒப்பந்தம் வேறாகக் கூறாத நிலையில், அவ்வுரிமை மாற்றம் காலாவதியாகும். இக்காப்புகள் பெரும்பாலும் ஒப்பந்தம் மௌனமாக இருக்கும் இடங்களிலேயே துணைநிற்கும். தளத்தின் ஒப்பந்தமோ எல்லாவற்றையும் எழுதியே வைத்திருக்கிறது.

8. சார்பைக் குறைக்கும் வழிகள்

தளத்தை முற்றிலும் விலக்குவது பெரும்பாலான ஆசிரியர்க்கு இயலாதது, தேவையுமன்று. இடரைப் பகிர்ந்தளிப்பதே நடைமுறைக்கு உகந்தது. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகிய உரிமைகளைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்தல் முதற்படி. தனித்தளத் திட்டத்தில் சேர்ந்தோர் 90 நாள் முடிவைக் குறித்துவைத்து, தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி, ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுத் தொடரலாம். புதிய நூலை ஒரு பருவம் அத்திட்டத்தில் வைத்துப் பின்னர்ப் பிற தளங்களுக்கும் திறந்துவிடுவது இடைவழி. மூலக்கோப்பையும் அட்டைப்படத்தையும் தம் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். இந்தியாவில் பன்னாட்டுத் தரப்புத்தக எண் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் வழி கட்டணமின்றிக் கிடைப்பதால் மின்னூலுக்கும் அதனைப் பெறுவதில் தடையில்லை. வாசகரோடு மின்னஞ்சல் வழியாகவேனும் நேரடித் தொடர்பு பேணுதல், தளம் மாறினும் வாசகரை இழக்காதிருக்க உதவும். சிறு எண்ணிக்கையிலேனும் அச்சுப்படிகளை வெளியிட்டு நூலகங்களுக்கு வழங்குதல் நூற்பேணலுக்கு இன்றும் உறுதியான வழி.

கல்விப்புலமும் இதில் பங்கு கொள்ளலாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களுக்கும், 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளுக்கும் ஆற்றிய பணியை, தளத்தில் மட்டும் பிறந்த இக்கால மின்னூல்களுக்கு ஆசிரியரின் இசைவோடு பல்கலைக்கழக நூலகங்கள் ஆற்ற இயலும். கிண்டில் நூலை மேற்கோள் காட்டும் ஆய்வாளர், தாம் பார்த்த நாளையும் பதிப்பின் விவரத்தையும் குறிப்பதை வழக்கமாக்குதல் நலம்.

முடிவுரை

ஒற்றைத் தளத்தைச் சார்ந்திருக்கும் ஆசிரியர் விலை, ஊதியம், காட்சி, வாசகர் தொடர்பு, நூலின் நிலைபேறு ஆகிய ஐந்திலும் பிறர் முடிவிற்கு உட்படுகிறார். மேக்மில்லன், ஹாஷெட் பூசல்களில் விற்பனை தடைபட்டது. 2015இன் விதிமாற்றத்தில் ஊதியமும் அதன்வழி வடிவமும் மாறின. வெஸ்ட்லேண்ட் மூடலில் நூல்கள் இடம்பெயர்ந்தன. ஆர்வெல் நிகழ்வில் விற்ற படியே அழிந்தது. இவற்றுள் பெரும்பாலானவை தளத்தின் ஒப்பந்தத்திற்குள்ளோ வணிக உரிமைக்குள்ளோ நிகழ்ந்தவை. விதிவிலக்கான விபத்துகளாக இவற்றைக் கருத இயலாது. மின்னூல் தமிழ் எழுத்திற்குத் திறந்துவிட்ட கதவு பயனுடையது. அக்கதவு ஒன்றே வழியாக அமையாதிருக்க ஆசிரியர் தம் உரிமைகளைப் பகுத்துவைப்பதும், ஆய்வுலகம் அந்நூல்களைத் தேடிப் பதிவுசெய்வதும் ஒருங்கே நிகழ வேண்டும். தமிழ் மின்னூல்கள் எவ்வளவு விழுக்காடு ஒரே தளத்தில் மட்டும் கிடைக்கின்றன என்னும் கணக்கெடுப்பு அதற்கான முதற்பணியாகலாம்.